ஒன்பது செடிகள்

ஜூலை 3, திங்கள்

இன்று கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: பெங்களூரிலிருந்து வந்த மகன் பெலிக்ஸ், மருமகள் ஷீலா, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். நாத்தனார் செலஸ்தீன், அவள் வீட்டுக்காரர். பங்குச் சாமியார். உபதேசியார் தேவசகாயம். குழி வெட்டிய மரியதாஸ். பக்கத்து வீட்டு லிங்கம்மா. என்னோடு எஸ்டேட்டில் இலை பறித்த ராசாத்தியும் புஷ்பமும். ராசாத்தி ஒரு மழைக்காலத்தில் என் கூடையிலிருந்து இரண்டு கை இலையை அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொண்டவள். இருந்தாலும் வந்தாள். பேக்டரி மேஸ்திரி பால்ராஜ். வருகிறேன் என்று சொல்லி வராத இன்னாசியையும் எழுதி வைக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே, கறுப்புக் குடையின் கீழ், ஒருத்தி ஒரு சிறுமியோடு நின்றாள். உள்ளே வரவில்லை. அவளை நான் சேர்க்கவில்லை.

பெட்டி மேல் எங்கள் தோட்டத்து நீலப் பூக்கள். லிங்கம்மா வெட்டிக் கொடுத்தாள். பெட்டிக்குள் இருந்தவர் பெயரை எழுத மாட்டேன். நாற்பத்தேழு வருஷம் வாயால் சொன்னதில்லை, இப்போது மட்டும் என்ன.

ஜூலை 4, செவ்வாய்

பெலிக்ஸ் போய்விட்டான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாம்.

ஜூலை 12, புதன்

இது அவருடைய நோட்டு. செடிகளைப் பற்றி ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பார். முன்பக்கம் பாதிக்கு அவர் எழுத்து, எறும்பு ஊர்ந்தது போல. அதைப் பார்க்கத் தெம்பில்லை. அந்தப் பக்கங்களை நூலால் கட்டிவிட்டு, மிச்சப் பாதியில் நான் எழுதுகிறேன். நாலாம் வகுப்புப் படிப்புக்கு இது போதும்.

இன்று புதன்கிழமை. புதன்கிழமையென்றால் சகாய மாதா நவநாளுக்குக் குன்னூருக்குப் போவார். "நம்ம கோயில்லயும் நவநாள் இருக்கே" என்று ஒரு நாள் கேட்டேன். "குன்னூர் மாதாகிட்ட கேட்டா கெடைக்கும்" என்றார். பதினாலு வருஷம் தவறவில்லை. சாயங்காலம் ஆறரை வண்டியில் வர்க்கிப் பொட்டலத்தோடு இறங்குவார். மொறுமொறுவென்று, அடுப்புச் சூடு முழுதாய் ஆறியிருக்காது. இரண்டு பேரும் டீயில் முக்கித் தின்போம்.

ஆறரை வண்டி சத்தம் கேட்டு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டேன். இரண்டு டம்ளர் அளவுக்கு.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

செலஸ்தீன் வந்தாள். அண்ணனுடைய மப்ளர் வேண்டுமாம், ஞாபகத்துக்கு. கொடுத்தேன். போகும்போது தோட்டத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"அண்ணி, அண்ணன் கை பட்டாத்தான் இதெல்லாம் பூக்கும். உங்க கைக்குத் தேயிலதான் தெரியும். வருஷப் பூசைக்குக் கடையில செவந்தி வாங்கிக்கலாம், கவலப்படாதீங்க."

"ஆறு செடிப் பூவும் கல்லறை மேல இருக்கும். நீ வந்து பாரு."

"பாப்போம், பாப்போம்."

பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரிடமும் சொல்லியிருக்கிறேன், உபதேசியாரிடமும் சொல்லியிருக்கிறேன். போனில் பெலிக்ஸிடமும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

அந்தப் பூவுக்கு ஹைட்ரேஞ்சியா என்று பெயர். எங்கள் வீட்டில் குண்டுப் பூ. அவர் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். பங்களா கைமாறிய நாளில் வேறெதுவும் கேட்காமல் ஒரே ஒரு குச்சி கேட்டு வாங்கி வந்தார். இதழ் ஓரத்தில் ரம்பம் போலப் பல் இருக்கும். இந்த மலையில் வேறு எந்த வீட்டிலும் அந்தப் பல் கிடையாது, நான் பார்த்துவிட்டேன். அந்த ஒரு குச்சியிலிருந்துதான் ஆறு செடியும்.

ஆகஸ்ட் 30, புதன்

மழை. கீழ்வீட்டு நாயைத் தவிர யாரும் வரவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். பூவெல்லாம் பச்சை ஏறி வாடிவிட்டது. இருந்ததில் நல்லதாக நாலு கொத்து எடுத்துப் போனேன். போனால், அங்கே புல் செதுக்கி, மண் அணைத்து, மெழுகுவர்த்தி பாதி எரிந்து நிற்கிறது.

"மரியதாஸ், ரொம்ப நன்றிப்பா."

"நான் எங்கம்மா செஞ்சேன்? காலையில ஒரு அம்மா வந்தாங்க. கூட ஒரு பொண்ணு. அவங்களே செதுக்கினாங்க. மம்பட்டி மட்டுந்தான் என்னுது."

எதற்கு வாயைத் திறந்தேன் என்றாகிவிட்டது.

இதை ஒரு தடவை எழுதிவிட்டு விட்டுவிடுகிறேன். எங்களுக்கு ஒரு மகள். மாப்பிள்ளை பார்த்து, கோயிலில் மூன்று ஞாயிறும் ஊரறியக் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள் பேக்கரியில் வேலை பார்த்த ஜாபரோடு போய்விட்டாள். வேதமும் வேறு. அவர் வாசற்படியில் நின்று, தெருவே கேட்கச் சொன்னார்: "எனக்கு மக இல்ல. இந்த வீட்ல அவ பேர எடுத்தா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்." அன்று வாசலில் நின்றவர்கள் பதினோரு பேர், பெயர் சொல்வேன். அன்றிலிருந்து நான் அந்தப் பெயரை எடுத்ததில்லை. அவர் வைராக்கியத்துக்கு என் வாயால் பங்கம் வரக் கூடாது.

குளிருக்குக் கம்பளி எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் மஞ்சள் கம்பளியில் பின்னிய சின்னச் சட்டை ஒன்று. பிறந்த குழந்தை அளவு. பெலிக்ஸ் பிள்ளைகளுக்குப் பின்னியதாக இருக்கும். மூடிவிட்டேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

பெலிக்ஸ் வரவில்லை. போனில் பேரப்பிள்ளைகள் "ஹாப்பி கிறிஸ்மஸ் பாட்டி" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே மூச்சில். ஒரு படி அரிசி மாவு இடித்து வைத்திருந்தேன். லிங்கம்மாவுக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 11, வியாழன்

மூன்று நாளாக விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளை. பனி செடிகளைக் கருக்கிவிட்டது. ஆறும் கறுத்த கம்பாக நிற்கின்றன, நுனியில் மொக்கு போல ஏதோ இருந்ததும் கருகிக் கிடக்கிறது.

என் அப்பா எஸ்டேட்டில் கவாத்துக்காரர். கிழட்டுத் தேயிலையை முழங்கால் உயரத்துக்குச் சாய்வாக வெட்டிவிடுவார். செத்தது போல நிற்கும். மூன்று மாதத்தில் பச்சைப் பசேலென்று கிளம்பும். கவாத்துக் கத்தியைப் பெண்கள் தொடக் கூடாது. நாற்பது வருஷம் கூடையோடு நின்று பார்த்தேன், ஒரு தடவை தொடவிடவில்லை. அப்பா செத்த பிறகு கத்தியை நான் எடுத்து வந்தேன். தம்பி இன்னும் அதற்காக என்னோடு பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.

இன்று கத்தியைத் தீட்டி, ஆறு செடியையும் கவாத்து அடித்தேன். ஒரு கம்பும் பிசிறவில்லை. அப்பா பார்த்திருக்க வேண்டும்.

லிங்கம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"அக்கா, அண்ணா இப்படி வெட்டி நான் பாத்ததே இல்லயே. பனிக்குச் சாக்குதானே போடுவாரு?"

"உங்க அண்ணா பூச்செடிக்காரரு. நான் கவாத்துக்காரர் மக."

"அது சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

வெட்டிய இடத்திலெல்லாம் துளிர். ஒரு கம்புக்கு நாலு, ஐந்து. செலஸ்தீனைக் கோயிலில் பார்த்தேன்.

"செடி எப்படி இருக்கு அண்ணி?"

"வந்து பாரு."

சாணிக் கரைசலும் பேக்டரியில் கழித்த தேயிலைச் சண்டும் போடுகிறேன். துளிரோடு பேசுகிறேன் என்று லிங்கம்மா சிரிக்கிறாள். வேறு யாரோடு பேச?

ஏப்ரல் 17, புதன்

இடுப்பு உயரம் வந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மொக்கு இன்னும் இல்லை. வரும்.

மே 5, ஞாயிறு

போன வருஷம் இந்நேரம் மொக்கு வந்து வெள்ளை தட்டியிருந்தது. ஆறு செடியிலும் ஒவ்வொரு நுனியாக விரலால் தடவிப் பார்த்தேன். இலை, இலைக்குள் இலை.

ராத்திரிக்குச் சோறு வைக்கவில்லை. நூலை அவிழ்த்தேன்.

போன வருஷம் ஜனவரி 18-இல் எழுதியிருக்கிறார்: "உறைபனி. ஒன்பது செடிக்கும் சாக்கு போட்டேன். நுனி கருகினாலும் கத்தி வைக்கக் கூடாது. போன வருஷக் கம்பில்தான் இந்த வருஷப் பூ."

நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டில், நான் கட்டி வைத்த நூலுக்குள், இது இருந்திருக்கிறது.

மே 6, திங்கள்

ஒன்பது என்று எழுதியிருக்கிறார். தோட்டத்தில் ஆறுதான். தூக்கம் வரவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் லிங்கம்மாவைக் கூப்பிட்டேன்.

"மூணு செடி எங்க?"

"எந்த மூணு அக்கா?"

"ஒம்போதுல மூணு. அவரு எழுதியிருக்காரு. அவரு பெட்டியில கெடந்த அன்னிக்கு நீதானே தோட்டத்துல பூ வெட்டின?"

"நான் கல்யாணமாகி வந்த நாளா இங்க ஆறுதான். பூ வெட்டிக் குடுத்த கையத் திருட்டுக் கைங்கிறீங்க. நல்லாருங்க அக்கா."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 12, ஞாயிறு

லிங்கம்மா பேசவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. செலஸ்தீன் கேட்பாள்.

மே 15, புதன்

பேச ஆள் இல்லாததால் அவர் எழுத்தைப் படிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடிகிறது. மேல் ஆறு, கீழ் மூன்று என்று பிரித்து எழுதுகிறார். எங்கள் தோட்டத்தில் மேல் ஏது, கீழ் ஏது? மேசை போல மட்டம்.

மே 29, புதன்

இன்று படித்தது: "கீழ் மூன்றும் இந்த வருஷமும் ரோஸ் நிறம்தான். பழைய செங்கல் காரை மண்ணில் கிடக்கிறது, அந்தச் சுண்ணாம்பின் வேலை. மண்ணை மாற்றி நீலமாக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றாள்."

என்றாள்.

யார் அவள்?

ஜூன் 5, புதன்

கீழ் மூன்றைப் பற்றி எழுதிய நாட்களையெல்லாம் காலண்டர் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் புதன்கிழமை. குன்னூர் மாதாவா இவரிடம் வேண்டாம் என்று சொன்னாள்?

எழுபது வயசுக்காரர். முட்டி வலிக்கு நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை தவறாமல், மறுநாள் நடக்க வேண்டுமே என்று.

பெலிக்ஸிடம் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 6, வியாழன்

அவர் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

தூசி தட்டுவதற்காகத் திருப்ப வேண்டியிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூலை 3, புதன்

வருஷப் பூசை. பெலிக்ஸ் மட்டும் வந்தான், நேற்று இரவு வந்து இன்று மதியம் திரும்பினான். கடையில் செவந்தி வாங்கினேன். செலஸ்தீன் செவந்திப் பையைப் பார்த்தாள், அது போதாதா.

கல்லறைக்குப் போனோம். தலைமாட்டில், ஈரம் சொட்ட, ஒரு கூடைப் பூ. குண்டுப் பூ, ஆனால் ரோஸ் நிறம். செலஸ்தீன் "யாரு அண்ணி வெச்சது? ரொம்ப அழகா இருக்கே" என்றாள். நான் குனிந்து ஓர் இதழைக் கிள்ளிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ரம்பப் பல்.

பெலிக்ஸை வண்டியேற்றிவிட்டு அந்தக் கையோடு குன்னூர் பஸ்ஸில் ஏறினேன். கேட்டே விடுவது என்று. எப்பேர்ப்பட்டவள் என்று முகத்தைப் பார்த்து விடுவது என்று.

கண்டக்டரிடம் கோயில் ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டேன். "புதன்கெழம வண்டியில ஒரு பெரியவர் வருவாரே, மப்ளர் கட்டிக்கிட்டு?"

"நீலப் பூ தாத்தாவா? பூவும் பையுமா வருவாரே! ஒரு வருஷமா ஆளக் காணோமே. நல்லாருக்காரா?"

"செத்துட்டாரு."

அவன் தொப்பி இல்லாத தலையைத் தொட்டுக்கொண்டான். "நீங்க அவரு வீட்டம்மாவா? அப்ப கோயில் ஸ்டாப் எதுக்கு? தாத்தா அங்க எறங்கவே மாட்டாரே. அதுக்கு முந்தின ஸ்டாப், பேக்கரி."

பேக்கரி என்ற உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். பஸ் வளைவில் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

ரோட்டிலிருந்து பதினேழு படி கீழே இறங்க வேண்டும். கீழே பேக்கரி. அதன் பின்னால் வீடு. வீட்டு முன்னால், இடித்துப் போட்ட பழைய அடுப்பின் செங்கல்லும் காரையும் கிடந்த மேட்டில், மூன்று செடி. மூன்றும் ரோஸ். என் ஆறு செடியும் இந்த வருஷம் பூக்க வேண்டிய அத்தனை பூவையும் அவை பூத்திருந்தன.

பிலோமினா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுதிவிட்டேன் பெயரை. அவர்தான் இந்த வீட்டில் இல்லையே.

வாங்க என்று சொல்லவில்லை, அழவில்லை. கையில் ஈரத் துணியோடு, "அம்மா, கவாத்து அடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"காலையில விடியிறதுக்குள்ள கல்லறைக்கு வந்தோம். நீங்க வெச்சா நீலம் இருக்கும், பக்கத்துல நம்மது இருக்கட்டும்னு பாத்தேன். போகும்போது நம்ம வேலியில எட்டிப் பாத்தேன். இலையா நின்னுச்சு. பனியில வெட்டினாத்தான் அப்படி ஆகும். அப்பா சொல்லியிருக்காரு."

"அப்பா எப்ப சொன்னாரு?"

"புதன்கெழம."

ஜாபர் மாவுக் கையோடு வந்து கதவுக்குப் பின்னால் நின்றான். உட்காருங்க என்று சொல்ல அவனுக்குப் பயம். முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. ஒரு தட்டில் நாலு வர்க்கி கொண்டுவந்து வைத்தான். அடுப்புச் சூடு.

ஒன்றைக் கையில் எடுத்தேன். முன்னால் எத்தனை தடவை எடுத்திருக்கிறேன். பதினாலு வருஷம், புதன் தவறாமல்.

"மொதல்ல வந்தது நீ போன எத்தனாவது மாசம்?"

"நாலாம் மாசம். கையில பூவோட படியில நின்னாரு. நான் அம்மா எங்கன்னு கேட்டேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுர விட்ருவா, அவ மனசு கல்லு, நானாப் பாத்துச் சொல்றேன்னாரு. மெஹர் பொறந்தப்பக் கேட்டேன். இன்னும் கல்லாத்தான் இருக்கான்னாரு. அப்புறம் கேக்கறத விட்டுட்டேன்."

மெஹர் பிறந்தது மார்ச் மாதம். எனக்குத் தெரியும். எஸ்டேட்டில் புஷ்பம்தான் காதோடு சொன்னாள். நான் மஞ்சள் கம்பளி வாங்கி, அவர் தூங்கிய பிறகு பின்னினேன். சட்டையை முடித்து, அவர் வைராக்கியத்துக்குப் பயந்து பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அன்று என்ன கிழமை என்று இப்போது நினைத்துப் பார்த்தேன். புதன். அவர் வர்க்கியோடு வந்தார். "நவநாள்ல என்ன கேட்டீங்க?" என்றேன். "எல்லாரும் நல்லாருக்கணும்னு" என்றார்.

உள்ளிருந்து பெண் வந்தாள். பதிமூன்று வயசு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன வருஷம் நீங்க பச்சைச் சால்வ போட்டிருந்தீங்க. மழ பெஞ்சும் தலைக்குப் போடல. எங்களப் பாத்துட்டு, பாக்காத மாதிரித் திரும்பிட்டீங்க."

"மெஹர்!" என்றாள் பிலோமினா.

"சொல்லட்டும் விடு" என்றேன். சரியாகத்தான் சொன்னாள். அந்த ஞாபகம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

ஆறரை வண்டியில் திரும்பினேன். இறங்கும்போது என் கையில் வர்க்கிப் பொட்டலம்.

ஜூலை 4, வியாழன்

லிங்கம்மாவின் கதவைத் தட்டி, பாதி வர்க்கியைக் கொடுத்தேன். மூன்று செடியும் கிடைத்துவிட்டன என்றேன். "எங்க இருந்துச்சு?" என்றாள். "என் மக வீட்டுல" என்றேன். "உங்களுக்கு மக இருக்கா அக்கா?" பதினொரு வருஷம் பக்கத்து வீடு.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன்.

ஜூலை 10, புதன்

இன்று என் தோட்டத்தில் இருந்தவர்கள்: பிலோமினா, ஜாபர், மெஹர், வேலிக்கு அந்தப் பக்கம் லிங்கம்மா. ஜாபர் வாசற்படியில் கால் வைக்காமல் தோட்டத்து வழியாகவே வந்தான். செலஸ்தீன் ரோட்டில் போனவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பிலோமினா கீழ்ச்செடியின் குச்சி மூன்று கொண்டுவந்தாள். என் மண்ணில் அவை நீலமாகுமாம். நட்டோம். பிறகு பூக்காத என் ஆறு செடியையும் சுற்றிச் சுற்றி வந்தாள். "பூக்காத கம்புதாம்மா குச்சிக்கு நல்லது. இவ்வளவு நல்ல கம்பு அப்பாகிட்டகூட இருந்ததில்ல" என்று பன்னிரண்டு குச்சி வெட்டிக்கொண்டாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ. வெட்டுவதற்குக் கவாத்துக் கத்தியைக் கொடுத்தேன். பெண் கை, தடுக்க யாருமில்லை.

மெஹரிடம் மஞ்சள் சட்டையைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்து, "இது யாருக்கு?" என்றாள். "லேட்டாயிடுச்சு" என்றேன். தன் முழங்கை வரைக்கும்தான் நுழைந்தது. அப்படியே மாட்டிக்கொண்டு போனாள்.

ஐந்து மணி வண்டிக்குப் போய்விட்டார்கள். அடுத்த புதன் வருவார்களாம். ஜாபருக்குக் கடை இருக்கிறது, சொன்னபடி வர முடியுமோ என்னவோ. வீடு பழையபடி ஆகிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர்தான் வைத்தேன்.

ஓலை வாசித்த பிறகு ஓடியவளை நான் பேசாமல் விட்டேன், தெருவில் எங்கள் தலையைக் குனிய வைத்ததற்கு. இனி அதைச் சொல்ல மாட்டேன். ஜாபர் மேல் ஒன்றுமில்லை, அவன் வர்க்கியைத் தின்று வளர்ந்த உடம்பு இது. ராசாத்தி எடுத்த இலை போகட்டும். தம்பி வந்தால் கத்தியைக்கூடக் கொடுத்துவிடுவேன், பிலோமினா வேலை முடிந்த பிறகு. இன்னாசி போகட்டும், செலஸ்தீனும் போகட்டும்.

ஒரே ஒருவர். வாசற்படியில் நின்று சத்தியம் செய்துவிட்டு, நாலே மாதத்தில் பூவோடு படி இறங்கிப் போனவர். அந்தச் சத்தியத்தைக் காக்க என்னை இங்கே ஒற்றையாய் உட்கார வைத்துவிட்டு, என் மனசு கல் என்று என் பிள்ளையிடமே சொன்னவர். ஒரு தடவை, ஒரே ஒரு புதன்கிழமை, நீயும் வர்றியா என்று என்னைக் கேட்காதவர்.

பூ வரும். நீலமோ ரோஸோ, அடுத்த ஜூலையில் தலைமாட்டில் வைப்பேன். மன்னிக்க மாட்டேன். பெயரையும் எழுதுகிறேன், நாற்பத்தெட்டாவது வருஷத்தில், அவரும் பார்க்கட்டும் என்று, அவருடைய நோட்டிலேயே.

சூசைநாதன்.